ரசத்துக்கு ரெண்டு தடவை உப்பு: மறதி நோய் ஏன் வருது? வாசகர் கேள்விகளுக்கு டாக்டர் பதில்

வயசானவங்களோட மறதி பத்தி உங்க கேள்விய அனுப்புங்கன்னு போன இதழ்ல ஒரு சின்ன அறிவிப்பு போட்டிருந்தோம். இவ்வளவு வரும்னு நான் நினைக்கல. கடுதாசி, வாட்ஸ்ஆப் வாய்ஸ் மெசேஜ் எல்லாம் சேத்து உக்காந்து படிச்சேன், கேட்டேன், பாதிக்கு மேல வேற வேற வார்த்தைல ஒரே கேள்விதான், "எங்க வீட்ல இது ஏன் வந்துச்சு?" எல்லாத்துக்கும் இங்க இடம் பத்தாது, அதனால ஒரே மாதிரி இருந்ததையெல்லாம் சேத்து ஒம்பது கேள்வியா எடுத்திருக்கேன். ஊர் மட்டும் போட்டிருக்கேன், பேர் போடல.

டாக்டரம்மா, என் மாமியாருக்கு 68 வயசு. நல்லா இருந்தவங்க. மூணு மாசமா ரசத்துக்கு உப்பு போட்டுட்டு திரும்பவும் போடுறாங்க, அடுப்புல பால வச்சுட்டு வாசல்ல போய் உக்காந்துக்கறாங்க, பேரன் ஸ்கூல் விட்டு வந்துட்டானான்னு அரை மணி நேரத்துல நாலு தடவை கேக்கறாங்க. வீட்டுக்காரர் "வயசானா அப்படித்தான், விடு"ங்கறார். எனக்கு மனசு கேக்கல. எட்டு வருஷமா சுகர் மாத்திரை, காலைல தினமும் கேஸ் மாத்திரை, ராத்திரி தூக்கத்துக்கு ஒண்ணு. சளி பிடிச்சா மெடிக்கல்ல அவங்களே ஏதாவது வாங்கிப் போட்டுக்குவாங்க. (பவானி)

உங்க மனசு கேக்காதது ரொம்ப சரி. "வயசானா அப்படித்தான்"ங்கற அந்த ஒரு வார்த்தையால எத்தன பேரு ரெண்டு மூணு வருஷம் கழிச்சு என்கிட்ட வந்திருக்காங்கன்னு எனக்குத் தெரியும். வயசானா மறதி கொஞ்சம் வரும், இல்லைங்கல. கண்ணாடிய எங்க வச்சோம்னு தேடுறது, தெரிஞ்சவங்க பேரு நாக்கு நுனில நின்னுட்டு ராத்திரி படுக்கும்போது ஞாபகம் வர்றது, இதெல்லாம் வயசு. உப்பு போட்டதே மனசுல பதியாம போறது, கேட்டதே தெரியாம திரும்பத் திரும்பக் கேக்கறது, நாப்பது வருஷம் கை பழகின சமையல்ல தடுமாறறது, இது வயசு மட்டும் கிடையாது, இதுக்கு ஒரு காரணம் இருக்கு, அதத் தேடணும்.

உடனே அல்சைமர்னு முடிவு பண்ணிடாதீங்க. டிமென்ஷியாங்கறது ஒரே வியாதியோட பேரு இல்லைங்க. காய்ச்சல்னா பல காரணத்தால வர்ற மாதிரி, ஞாபகம், யோசனை, வழி கண்டுபிடிக்கறது, பணக் கணக்கு இதெல்லாம் கெட்டுப் போய் அன்றாட வேலையே தடுமாறுற நிலைக்குப் பொதுவா வச்ச பேரு அது. அதுல நூத்துக்கு அறுபது எழுபது பேருக்கு அல்சைமர், அடுத்தது மூளை ரத்தக்குழாய் கெடறதால வர்றது. லூயி பாடினு ஒண்ணு இருக்கு, அதுல இல்லாத ஆளு, குழந்தை எல்லாம் கண்ணுக்குத் தெரியும். மூளையோட முன்பக்கம் சுருங்கற வகைல ஞாபகத்துக்கு முன்னாடி குணம் மாறும். நிறையப் பேருக்கு ரெண்டு வகை சேந்தே இருக்கும்.

ஆனா இது எதுவுமே இல்லாமலும் அச்சு அசலா டிமென்ஷியா மாதிரியே தெரியலாம், உங்க கடுதாசிய படிச்சதும் எனக்கு அங்கதான் மனசு போச்சு. எட்டு வருஷமா சுகர் மாத்திரை, அது மெட்ஃபார்மினா இருந்தா பி12 வைட்டமின் குறையும். தினமும் கேஸ் மாத்திரை, அதுவும் பி12-ஐக் குறைக்கும். சைவமா இருந்தா கேக்கவே வேணாம். பி12 ரொம்பக் கொறஞ்சா மறதி வரும், கால் மரத்துப் போகும், நடை தள்ளாடும். மெடிக்கல்ல வாங்கற சளி மாத்திரை பலதுல வயசானவங்க மூளைய மந்தமாக்கற மருந்து இருக்கு, தூக்க மாத்திரையும் அதே வேலையத்தான் பண்ணும், சில மூத்திர மாத்திரையும் கூட. (தூக்க மாத்திரைய நீங்களா திடீர்னு நிறுத்திடாதீங்க, டாக்டர கேட்டு மெதுவாக் குறைக்கணும், இல்லன்னா வேற பிரச்னை ஆயிடும்.) தைராய்டு கொறஞ்சாலும் இப்படி ஆகும். மாசக்கணக்குல மனச்சோர்வு இருந்தாலும் ஆகும், நாம மறதினு நினைச்சுட்டு இருப்போம். சிலருக்குப் போன மாசம் பாத்ரூம்ல லேசா வழுக்கி விழுந்து தலைல பட்டிருக்கும், வீட்ல யாரும் பெருசா எடுத்திருக்க மாட்டாங்க, உள்ள ரத்தம் மெதுவா கசிஞ்சு மூளைய அழுத்திட்டு இருக்கும். மூளைக்குள்ள நீர் தேங்கற வகையும் உண்டு, கால் தரைல ஒட்டின மாதிரி நடப்பாங்க, மூத்திரம் அடக்க முடியாது, கூடவே மறதி.

எங்க அப்பாவையே சொல்றேன். அப்ப அவருக்கு 76. பிபிக்கு நீர் பிரியற மாத்திரை ஆரம்பிச்சு மூணு வாரம் இருக்கும், ஒரு காலைல குளிச்சுட்டு வந்தவர் வேட்டிய ரெண்டு கைலயும் பிடிச்சுக்கிட்டு கரை எந்தப் பக்கம் வரணும்னு தெரியாம திருப்பித் திருப்பிப் பாத்துட்டே நிக்கறார். அறுபது வருஷமா கட்டின வேட்டி. நான் டாக்டர், இத்தன பேருக்குச் சொல்றவ, எனக்கே நெஞ்சு படபடன்னு அடிச்சுக்கிச்சு, சமையக்கட்டுல போய் அழுதுட்டுதான் வந்தேன். ரத்தம் எடுத்துப் பாத்தா சோடியம்ங்கற உப்புச்சத்து 118. சாதாரணமா 135-ல இருந்து 145 இருக்கணும். அந்த மாத்திரைய நிறுத்தி, ஆஸ்பத்திரில வச்சு மெதுவா ஏத்தி, ஏழாவது நாள் காலைல "பேப்பர் இன்னும் வரலையா"ன்னு கேட்டார். அதுக்கப்புறம் வேட்டிய அவரேதான் கட்டினார்.

இப்படி நாலஞ்சு நாள்ல, ஒரு வாரத்துல திடீர்னு குழப்பம் வந்தா அது டிமென்ஷியா இல்ல, சோடியமோ, மூத்திரத்துல கிருமியோ, நிமோனியாவோ, மருந்தோ, வேற ஏதோ ஒண்ணு, அன்னிக்கே ஆஸ்பத்திரி போகணும். உங்க மாமியாருக்கு மூணு மாசமா மெதுவா வந்திருக்கு, அதனால பயந்து ஓட வேணாம், தள்ளியும் போடாதீங்க. இந்த வாரமே கூட்டிட்டுப் போங்க. பி12, தைராய்டு, சோடியம், சுகர், கிட்னி, ரத்த அளவு, தலைக்கு ஒரு ஸ்கேன். அவங்க சாப்பிடற எல்லா அட்டையையும் ஒரு கவர்ல போட்டு எடுத்துட்டுப் போங்க, சளி மாத்திரை அட்டையையும் சேத்து, அதத்தான் எல்லாரும் விட்டுட்டு வருவாங்க. எல்லாம் பாத்து எதுவும் இல்லைன்னு வந்தா நரம்பு டாக்டர் கடிகாரம் வரையச் சொல்வார், மூணு வார்த்தை சொல்லி அஞ்சு நிமிஷம் கழிச்சுக் கேப்பார், அப்புறம்தான் பேரு வைக்கணும். எல்லாருக்கும் இப்படித் திருப்பிடலாம்னு நான் சொல்லல, நெஜமான டிமென்ஷியாதான் அதிகம். ஆனா திருப்பக்கூடியது ஒண்ணு இருந்து அத நாம பாக்காம விட்டுட்டா அது பெரிய அநியாயம்.

எங்கட அம்மம்மாவுக்கு கடைசி காலத்தில அறளை பேந்திட்டுது (வயசு போய் புத்தி தடுமாறிப் போச்சு) எண்டு ஊரில சொல்லுவினம். இப்ப அம்மாவுக்கும் 74 வயசில அதே மாதிரி தொடங்கியிருக்கு, டொக்டர் அல்சைமர் எண்டு சொல்லிப்போட்டார். எனக்கு இப்ப 46. எனக்கும் வருமோ? ஏதோ ஜீன் பரிசோதனை இருக்காம், செய்து பார் எண்டு கனடாவில இருக்கிற அக்கா சொல்லுறா. செய்யவோ? (யாழ்ப்பாணம்)

உங்க பயம் புரியுது, ராத்திரி ஒரு பேரு மறந்தாக்கூட "தொடங்கிடுச்சோ"ன்னு இருக்கும்.

அப்பா அம்மா யாருக்காவது இருந்தா பிள்ளைங்களுக்கு வாய்ப்பு மத்தவங்கள விடக் கொஞ்சம் கூடுதல், அது உண்மை. ஆனா "வந்தே தீரும்"ங்கற பரம்பரை அல்சைமர் ரொம்ப அபூர்வம், மொத்தத்துல நூத்துக்கு ஒண்ணு கூடக் கிடையாது. அந்தக் குடும்பங்கள்ல தலைமுறை தலைமுறையா முப்பது, நாப்பது, அம்பது வயசுலயே ஆரம்பிக்கும். உங்க அம்மாவுக்கு 74-ல வந்திருக்கு, அது அந்த வகை மாதிரி தெரியல. இன்னொரு ஜீன் இருக்கு, ஏபோஇ4னு பேரு, ஒரு பிரதி இருந்தா ரிஸ்க் ரெண்டு மூணு மடங்கு ஆகும், அப்பா கிட்ட ஒண்ணு அம்மா கிட்ட ஒண்ணுன்னு ரெண்டு வந்திருந்தா இன்னும் நிறைய. உங்க அக்கா சொல்றது பெரும்பாலும் இதத்தான். ஆனா அது இருந்தும் தொண்ணூறு வயசு வரைக்கும் தெளிவா இருந்தவங்க இருக்காங்க, அது இல்லாம வந்தவங்களும் நிறையப் பேர். அந்த ரிசல்ட்ட கையில வச்சுக்கிட்டு இன்னிக்கு உங்களுக்குன்னு தனியா செய்ய ஒண்ணுமே இல்ல, கவலைதான் கூடும், அதனால நீங்க செய்ய வேணாம்ங்கறதுதான் என் அபிப்பிராயம். ரெண்டு மூணு பேருக்கு 60-க்கு முன்னாடியே வந்த குடும்பம்னா கதை வேற, அவங்க ஜீன் ஆலோசகர் ஒருத்தர் கிட்ட உக்காந்து பேசிட்டு அப்புறம் செய்யலாம்.

"அறளை பேந்திட்டுது"ன்னு நம்ம ஆளுங்க ஒரு பேரு வச்சுட்டு அதோட விட்டுட்டாங்க, மத்த ஊர்லயும் ரொம்ப நாள் அப்படித்தான் விட்டிருந்தாங்க. 1901-ல ஜெர்மனில ஃபிராங்க்ஃபர்ட் ஆஸ்பத்திரில அகஸ்டே டீட்டர்னு 51 வயசு அம்மா ஒருத்தங்க, தன் பேர எழுதச் சொன்னா பாதில நின்னுடுவாங்க. அவங்களப் பாத்த டாக்டர்தான் அலாய்ஸ் அல்சைமர். 1906-ல அவங்க இறந்த பிறகு மூளைய மைக்ராஸ்கோப்புல வச்சுப் பாத்து, செல்லுக்கு வெளிய படிஞ்ச புரதக் கட்டியையும் செல்லுக்குள்ள நூல் சிக்கல் மாதிரி இருந்ததையும் கண்டுபிடிச்சார். அது முதுமை இல்ல, மூளைல நடக்கற ஒரு நோய்னு அன்னிக்குத்தான் கண்ணால பாத்தாங்க. அந்தப் படிவு அறிகுறி வர்றதுக்கு 15, 20 வருஷம் முன்னாடியே ஆரம்பிச்சுடுது. உங்களுக்கு 46. ஜீன் டெஸ்டுக்குச் செலவு பண்ற காச வச்சு பிபி, சுகர், கொழுப்பு பாத்து வச்சுக்கங்க, இந்த வயசுதான் அதுக்கு வயசு.

அலுமினியப் பாத்திரத்துல சமைச்சா அல்சைமர் வரும்னு ஃபார்வர்டு வருது. எங்க வீட்ல இட்லிச் சட்டி, குண்டா எல்லாமே அலுமினியம்தான். தூக்கிப் போட்டுடவா? (விருதுநகர்)

வேணாம்மா. இந்தப் பயம் 1965-ல முயல் மூளைல அலுமினியத்த ஊசி போட்டுப் பாத்த ஒரு ஆராய்ச்சில ஆரம்பிச்சது. அப்புறம் எழுபதுகள்ல டயாலிசிஸ் பண்ண தண்ணில அலுமினியம் அதிகமா இருந்து அந்த நோயாளிங்களுக்கு மூளை பாதிச்சது, அது நேரா ரத்தத்துல கலந்த கதை. வீட்ல அலுமினியப் பாத்திரத்துல சமைச்சுச் சாப்பிட்டவங்களுக்கு அல்சைமர் அதிகமா வருதுன்னு இத்தன வருஷத்துல யாரும் நிரூபிக்கல. புளி, தக்காளிய மட்டும் அதுல ரொம்ப நேரம் வச்சிருக்காதீங்க, அவ்வளவுதான்.

எனக்கு 52. பதினாறு வயசுல இருந்து விசைத்தறி ஓட்டறேன். காது மந்தம்தான், தறி ஓட்டற எல்லாருக்கும் அப்படித்தான் இருக்கும். டிவி சத்தம் பத்தி வீட்ல தினமும் சண்டை. இப்ப மகன் யூடியூப்ல பாத்துட்டு "காது கேக்கலன்னா மறதி நோய் வரும்பா"ங்கறான். காதுக்கும் மூளைக்கும் என்னங்க சம்பந்தம்? (குமாரபாளையம்)

உங்க மகன் சொல்றது சரிங்க, அவன்கிட்ட நான் சொன்னேன்னு சொல்லுங்க. இந்தக் கேள்விக்கு நான் கொஞ்சம் நீளமா எழுதறேன், ஏன்னா இத யாருமே கண்டுக்கறது இல்ல.

லான்செட்னு ஒரு மருத்துவ இதழ், அவங்க உலகம் பூரா இருக்கற நிபுணர்கள வச்சு 2024-ல ஒரு அறிக்கை விட்டாங்க. மாத்தக்கூடிய காரணம்னு 14 சொல்றாங்க, அது எல்லாத்தையும் சரி பண்ண முடிஞ்சா உலகத்துல வர்ற டிமென்ஷியால 45 சதவீதம் வரைக்கும் தடுக்கலாம் இல்ல தள்ளிப் போடலாம்ங்கறாங்க. அந்த 14-ல எடை அதிகமா இருக்கறது எதுன்னு கேட்டா பிபி, சுகர்னுதான் எல்லாரும் சொல்வாங்க. இல்ல, நடுவயசுல காது கேக்காம போறதும் கெட்ட கொழுப்பும்தான், ரெண்டும் ஆளுக்கு 7 சதவீதம்.

ஏன்னா காது சரியா வாங்காதப்ப, பாதி வார்த்தைய மூளை ஊகிச்சு ஊகிச்சே நிரப்ப வேண்டியிருக்கு, ஞாபகத்துல வச்சுக்கறதுக்கு இருந்த சக்தி அதுலயே செலவாயிடுது. சத்தமே வராத பகுதி மூளைல மெல்ல சுருங்கவும் செய்யுது. அதவிட முக்கியமா நான் பாக்கறது, காது கேக்காதவங்க மெதுவா ஒதுங்கிடுவாங்க. கல்யாண வீட்ல ஓரமா ஒரு சேர்ல உக்காந்து எல்லாத்துக்கும் தலையாட்டிட்டு இருப்பாங்க பாருங்க, யாராவது சிரிச்சா இவங்களும் சிரிப்பாங்க, என்ன சொன்னாங்கன்னு தெரியாது. கேட்டா மறுபடி சொல்லணும், "ஒண்ணுமில்ல விடு"ம்பாங்க, அந்த "ஒண்ணுமில்ல விடு" ஒரு நாளைக்கு இருபது தடவை கேட்டா மனுசன் பேசறதையே நிறுத்திடுவான். அப்படி நிறுத்தினதும் மூளைக்கு வேலையே இல்லாம போயிடுது.

அமெரிக்கால 70 வயசு தாண்டின 977 பேர வச்சு ஒரு ஆராய்ச்சி பண்ணாங்க, 2023-ல ரிசல்ட் வந்துச்சு. பாதிப் பேருக்குக் காது மெஷின், மீதிப் பேருக்குப் பொதுவான உடல்நல ஆலோசனை மட்டும். மொத்தமா எல்லாரையும் சேத்துப் பாத்தா பெரிய வித்தியாசம் இல்ல. ஆனா ஏற்கெனவே ரிஸ்க் கூடுதலா இருந்தவங்கள மட்டும் தனியாப் பாத்தா, மெஷின் போட்டவங்களுக்கு மூணு வருஷத்துல யோசிக்கிற திறன் குறையற வேகம் 48 சதவீதம் கம்மி. 

ஒரு நாளைக்கு எட்டு மணி நேரம் 85 டெசிபலுக்கு மேல சத்தத்துல இருந்தா காது கெடும். தறிப்பட்டறை அதத் தாண்டித்தான் இருக்கும், அங்க ரெண்டு பேரு பேசணும்னா காதுகிட்ட வாய வச்சுக் கத்தணும். போனது திரும்பாது, இருக்கறதக் காப்பாத்தணும். மருந்துக் கடைலயே காதடைப்பான் கிடைக்கும், பஞ்சு வைக்காதீங்க, பஞ்சு சத்தத்த நிறுத்தாது. அரசு ஆஸ்பத்திரி காது மூக்கு தொண்டை பிரிவுல ஆடியோகிராம் (காது கேக்கற அளவு டெஸ்ட்) எடுங்க. குறைபாடு அளவப் பொறுத்து மாற்றுத்திறனாளி அட்டை கிடைச்சா மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்துல காதொலிக் கருவி இலவசமா வாங்கலாம். முதல் மூணு வாரம் மெஷின் கொடுமையாத்தான் இருக்கும், தட்டு கழுவற சத்தம் கூட இடி மாதிரி கேக்கும், கொய்ங்னு விசில் அடிக்கும். அப்பதான் நிறையப் பேரு கழட்டி டப்பால போட்டு பீரோல வச்சுடுவாங்க, அங்கேயே பேட்டரி கசிஞ்சு மெஷினும் போயிடும். கழட்டாதீங்க, கொடுத்த இடத்துக்கே போய் அளவு மாத்தச் சொல்லுங்க, எத்தன தடவையானாலும் போங்க. கூடப் பட்டறைல இருக்கறவங்களுக்கும் இதச் சொல்லுங்க.

15 வருஷமா சுகர், 10 வருஷமா பிபி. மாத்திரை போடுறேன், எப்பயாவது விட்டுடுவேன். இதனால மூளை கெட்டுடுமா? (திருச்சி)

"எப்பயாவது விட்டுடுவேன்"னு எழுதியிருக்கீங்க பாருங்க, அத முதல்ல நிறுத்துங்க. மூளைக்குள்ள தலைமுடிய விட மெலிசான ரத்தக்குழாய் ஆயிரக்கணக்குல இருக்கு, சுகரும் பிபியும் அதத் தடிக்க வச்சு அடைக்கும். கையும் காலும் இழுத்தாத்தான் ஸ்ட்ரோக்னு நினைச்சுட்டு இருக்கோம், வெளிய தெரியாமலே உள்ள கடுகளவு கடுகளவா அடைச்சுட்டே போகும். டீக்கடை வச்சிருந்த ஒருத்தர் எங்கிட்ட வந்தார், சில்லறை கொடுக்கறதுல தப்பு வந்துச்சு, அப்புறம் ஆறு மாசம் அப்படியே இருந்தார், திடீர்னு ஒரு நாள் யார் யாருக்கு எத்தன டீனு சொன்னா நிக்கல, மறுபடி சில மாசம் அப்படியே. படி இறங்கற மாதிரி. ஸ்கேன்ல பாத்தா பழைய அடைப்பு ஏழெட்டு இடத்துல.

பிபிய மேல் அளவு 140-க்குள்ள வைக்கறதுக்குப் பதிலா 120-க்குள்ள வச்சா என்ன ஆகும்னு அமெரிக்கால 50 வயசு தாண்டின 9,000-க்கும் மேற்பட்டவங்கள வச்சுப் பாத்தாங்க. டிமென்ஷியாவுக்கு முந்தின நிலையான லேசான மறதிக் கோளாறு 19 சதவீதம் குறைஞ்சுது, 2019-ல வந்த ரிசல்ட். அதுல சுகர் உள்ளவங்களச் சேக்கல, அதனால உங்க அளவ உங்க டாக்டர்தான் சொல்லணும். சுகர ரொம்ப இறுக்கி அடிக்கடி லோ சுகர் ஆகறதும் மூளைக்குக் கெடுதல், அதையும் மனசுல வச்சுக்கங்க. மாத்திரை வாங்கப் போறதுதான் கஷ்டம்னா "மக்களைத் தேடி மருத்துவம்"னு 2021-ல ஆரம்பிச்ச திட்டத்துல வீட்டுக்கே கொண்டு வந்து தர்றாங்க, பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்துல பேர் கொடுங்க. பீடி சிகரெட் இருந்தா இன்னிக்கே விடுங்க.

எங்க அம்மா பள்ளிக்கூடம் போனதே இல்ல. படிக்காதவங்களுக்குத்தான் டிமென்ஷியா அதிகமா வரும்னு படிச்சேன், மனசு ரொம்பக் கஷ்டமாயிடுச்சு. அவங்களுக்குப் படிக்க வாய்ப்பே கொடுக்கல, அதுக்குத் தண்டனையா இது? (ஓசூர்)

இந்தக் கடுதாசிய ரெண்டு தடவை படிச்சேன். தண்டனை இல்லம்மா, ஆனா அநியாயம்ங்கறத ஒத்துக்கறேன். சின்ன வயசுல படிப்பு கிடைக்காம போறது ரிஸ்க்தான். இந்தியால 60 வயசு தாண்டினவங்கள வச்சுக் கணக்கு போட்டாங்க, 2023-ல வந்தது, 7.4 சதவீதம் பேருக்கு, அதாவது சுமார் 88 லட்சம் பேருக்கு டிமென்ஷியா இருக்கு, ஆம்பளைங்கள விடப் பொம்பளைங்களுக்கு அதிகம், டவுன விட கிராமத்துல அதிகம். யாருக்குப் படிப்பு கிடைக்கலயோ அங்கதான் கூடுதலா இருக்கு. பொம்பளைப் பிள்ளைய எட்டாவதோட நிறுத்தறது அறுபது வருஷம் கழிச்சு மூளைல வந்து நிக்குதுன்னு நினைச்சா எனக்கு வயிறு எரியுது.

மூளையச் சேமிப்புக் கணக்கு மாதிரி நினைச்சுக்கங்க. படிக்கப் படிக்க, புதுசு புதுசா செய்யச் செய்ய அதுல இருப்பு ஏறும். நோய் வந்து எடுக்க ஆரம்பிச்சாலும் இருப்பு அதிகமா இருக்கறவங்களுக்குச் சீக்கிரம் வெளிய தெரியாது. அமெரிக்கால 678 கன்னியாஸ்திரிங்கள வருஷக்கணக்கா கவனிச்சாங்க, இறந்த பிறகு மூளையப் பாத்தா சிலருக்கு அல்சைமர் படிவு ஏராளமா இருந்துச்சு, ஆனா சாகற வரைக்கும் தெளிவா இருந்தவங்க.

இருப்பு ஏத்தப் பள்ளிக்கூடம் மட்டும்தான் வழின்னு இல்ல. ஹைதராபாத்துல நிஜாம்ஸ் மருத்துவக் கழகத்துல டாக்டர் சுவர்ணா அல்லாடி குழு 648 டிமென்ஷியா நோயாளிங்கள வச்சு ஆராய்ஞ்சு 2013-ல வெளியிட்டாங்க. ஒரே பாஷை பேசினவங்கள விட ரெண்டு பாஷையோ அதுக்கு மேலயோ பேசினவங்களுக்கு சராசரியா நாலரை வருஷம் லேட்டா ஆரம்பிச்சிருக்கு. அதுல எழுதப் படிக்கத் தெரியாதவங்களும் இருந்தாங்க, அவங்கள்லயும் அந்த வித்தியாசம் தெரிஞ்சுது. நீங்க ஓசூர்ங்கறீங்க. உங்க ஊர்ச் சந்தைல கீரை விக்கற அம்மா வர்றவங்களப் பாத்து தெலுங்கு, கன்னடம், தமிழ்னு மாத்தி மாத்திப் பேசிட்டே மனக்கணக்குல பாக்கிச் சில்லறை எண்ணிக் கொடுப்பாங்களே, அது சின்ன வேலையா? உங்க அம்மா அப்படிப் பேசறவங்களா இருந்தா, தானே ஒரு சேமிப்பு போட்டு வச்சிருக்காங்க. இப்ப கூட அவங்கள உக்கார வச்சுப் பேசுங்க, கோலம் போடட்டும், பேத்திக்குப் பல்லாங்குழி சொல்லித் தரட்டும்.

வல்லாரை, தேங்காய் எண்ணெய், பாதாம் இதெல்லாம் சாப்பிட்டா வராம தடுக்கலாமா? அக்கி ஊசி போட்டா வராதுன்னு வேற சொல்றாங்களே? (சேலம்)

வல்லாரை நல்ல கீரை, துவையல் அரைச்சுச் சாப்பிடுங்க, ஆனா அது டிமென்ஷியாவத் தடுக்கும்னு நம்பற அளவுக்கு ஆதாரம் இல்ல, தேங்காய் எண்ணெய்க்கும் அதேதான். இதச் சாப்பிடறோமேனு பிபி மாத்திரைய மட்டும் நிறுத்திடாதீங்க. அக்கி ஊசி விஷயம் சுவாரசியமானது. பிரிட்டன்ல வேல்ஸ் பகுதில 1933 செப்டம்பர் 2-க்கு முன்னாடி பிறந்தவங்களுக்கு அந்தத் தடுப்பூசி இல்ல, அன்னிக்கோ அதுக்கப்புறமோ பிறந்தவங்களுக்கு உண்டுன்னு ஒரு விதி வச்சாங்க. ஒரு வார வித்தியாசத்துல பிறந்த ரெண்டு கூட்டத்தையும் ஒப்பிட்டுப் பாத்தா, ஊசி போட்டவங்களுக்கு ஏழு வருஷத்துல டிமென்ஷியா அஞ்சுல ஒரு பங்கு கம்மி. 2025-ல வந்த ஆராய்ச்சி. ஏன்னு இன்னும் ஆராய்ஞ்சுட்டு இருக்காங்க. அக்கி வராம இருக்கறதுக்கே அந்த ஊசி நல்லதுதான், வசதி இருந்தா போடுங்க, இல்லைன்னா கவலைப்படாதீங்க.

என் வீட்டுக்காரருக்கு 55. தினமும் குவார்ட்டர். முந்தா நாள் பேசினதே ஞாபகம் இல்லைங்கறார், இல்லாததையெல்லாம் நடந்த மாதிரி சொல்றார். குடி விட்டா சரியாயிடுமா? (பேர், ஊர் வேண்டாம்னு எழுதியிருக்காங்க)

அம்மா, இது அவசரம். குடிக்கறவங்களுக்குச் சாப்பாடு போகாது, பி1 வைட்டமின் வத்திப் போகும், அதனால மூளைல ஞாபகத்த பதிய வைக்கற இடமே கெட்டுடும். இல்லாதத நடந்த மாதிரி சொல்றது பொய் இல்ல, காலியா இருக்கற இடத்த மூளை தானா நிரப்புது. ஆரம்பத்துலயே பி1 ஊசி போட்டா நிறையக் காப்பாத்தலாம், தள்ளிப் போட்டா முடியாது. நடை தள்ளாட்டம், கண் பார்வை ரெட்டையாத் தெரியறது இருந்தா இன்னிக்கே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்க. வீட்லயே திடீர்னு குடிய நிறுத்த வைக்காதீங்க, வலிப்பு வந்துடும், டாக்டர் கண்காணிப்புலதான் நிறுத்தணும். போதைல வண்டிலயோ படிலயோ விழுந்து தலைல பட்டிருக்கான்னும் சொல்லுங்க, தலைக்காயமும் தனியா ஒரு காரணம். உங்களுக்கு யார்கிட்டயாவது பேசணும்னா 14416-க்கு அடிங்க, டெலி மானஸ், அரசு மனநல உதவி எண், தமிழ்ல பேசுவாங்க.

நான் துபாய்ல இருக்கேன். அப்பா 2019-ல தவறினார். அம்மா ஊர்ல தனியாத்தான் இருந்தாங்க, கூப்பிட்டா வர மாட்டேன்னுட்டாங்க. போன வருஷம் அல்சைமர்னு சொல்லிட்டாங்க. தனிமைதான் காரணம்னு சொந்தக்காரங்க என் மூஞ்சிக்கு நேராவே சொல்றாங்க. நான் விட்டுட்டுப் போனதாலதான் அம்மாவுக்கு இப்படி ஆச்சா? (ராமநாதபுரம் பக்கம்)

இல்ல தம்பி. தனிமை ரிஸ்க் இல்லைனு நான் பொய் சொல்ல மாட்டேன், குமாரபாளையம் பதில்ல சொன்ன அந்த 14 காரணத்துல அதுவும் ஒண்ணு, மனச்சோர்வும் ஒண்ணு. ஆனா மேல யாழ்ப்பாணத்து வாசகிக்குச் சொன்னதப் படிச்சுப் பாருங்க, மூளைல அந்தப் படிவு அறிகுறிக்கு 15, 20 வருஷம் முன்னாடியே தொடங்கிடுது. உங்க அம்மாவுக்குப் போன வருஷம் தெரிஞ்சிருக்குன்னா அது ஆரம்பிச்சது அப்பா உசுரோட இருக்கும்போது, அநேகமா நீங்க விமானம் ஏறறதுக்கும் முன்னாடி. இன்னொண்ணும் உண்டு, நோய் உள்ள வரும்போதே ஆளு தானா ஒதுங்க ஆரம்பிப்பாங்க, வெளிய போக மாட்டாங்க, ஊர விட்டு வர மாட்டேன்னு அடம் பிடிப்பாங்க. தனிமையால நோய் வந்துச்சா, நோயால தனிமை வந்துச்சான்னு எந்த டாக்டராலயும் பிரிச்சுச் சொல்ல முடியாது, உங்க சொந்தக்காரங்களால எப்படி முடியும்? அந்த 45 சதவீதக் கணக்கும் உலகத்துக்கே சேத்துப் போட்ட கணக்கு, ஒரு வீட்டுக்குள்ள வந்து விரல நீட்டிக் குத்தம் சொல்ல அத எடுக்கக் கூடாது. கூடவே இருந்து ஒரு வேளை சாப்பாடு தவறாம கொடுத்துப் பாத்துக்கிட்ட பிள்ளைங்களோட அப்பா அம்மாவுக்கும் வருது, தினமும் பாக்கறேன்.

இனிமே என்ன பண்ணலாம்னு பாப்போம். கண்ணு, காது ரெண்டையும் டெஸ்ட் பண்ணுங்க, புரை இருந்தா எடுத்துடுங்க, பார்வை மங்கறதும் அந்த 14-ல இருக்கு. கூட இருக்க ஒரு ஆளு வேணும், மாத்திரைய அவங்க கைல எடுத்துக் கொடுக்கணும், கேஸ் அடுப்பு ரெகுலேட்டர ராத்திரி மூடணும். வழிகாட்ட 14567-னு முதியோர் உதவி எண் இருக்கு, இந்தியாவுக்குள்ள இருந்து பேசணும், ஊர்ல இருக்கற யாரையாவது பேசச் சொல்லுங்க.

தினமும் ஒரே நேரத்துல வீடியோ கால் பண்ணுங்க, ராத்திரில வேணாம், சாயங்காலம் ஆக ஆகக் குழப்பம் கூடும், காலைல காபி குடிக்கற நேரம் நல்லது. எடுத்ததும் "நான் யாருன்னு தெரியுதா"ன்னு மட்டும் கேக்காதீங்க, தெரியலைன்னா அவங்க முகம் வாடிடும், உங்களுக்கும் அன்னிக்குப் பூரா வேலை ஓடாது. "அம்மா, நான்தாம்மா பேசறேன்"னு உங்க பேரச் சொல்லியே ஆரம்பிங்க, அப்புறம் காபி குடிச்சாச்சான்னு கேளுங்க.